மன்னிக்கச் சொல்ல நீங்கள் யார்?

2016 மே மாதம், எங்கள் ஊர் கன்வென்ஷன் கூட்டத்தின் மூன்றாம் நாள் இரவு, என் பெரியப்பா மேடையேறிச் சாட்சி சொன்னார். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. சாமியானா பந்தல், டியூப் லைட், பிளாஸ்டிக் நாற்காலிகள், இரைச்சல் போடும் ஸ்பீக்கர். குடியில் கிடந்ததையும், லாரித் தொழில் நொடித்ததையும், சாகத் துணிந்த ஓர் இரவில் ஆண்டவர் தடுத்ததையும் அழுதபடி சொன்னார். "பலருக்குத் துரோகம் பண்ணுனேன். எல்லாத்தையும் ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. இன்னைக்கு எனக்குள்ள இருக்கிற சமாதானத்தை இந்த உலகம் தர முடியாது." கூட்டம் அல்லேலூயா என்றது. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்த அம்மா கை தட்டவில்லை. அழவும் இல்லை. காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்தப் 'பலருக்கு' என்ற சொல்லுக்குள் நாங்கள் இருந்தோம். 2004-ல் பெரியப்பாவின் லாரிக் கடனுக்காக அப்பா எங்கள் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நாளில் தவணை நின்றது. 2006-ல், நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருடம், வட்டியும் முதலுமாக 3,40,000 ரூபாயை அடைக்க வீட்டை விற்றோம். பெரியப்பா அதன்பிறகு எங்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அப்பா 2011-ல் வாடகை வீட்டில் மாரடைப்பில் இறந்தார். கடன்தான் கொன்றது என்று சொல்ல மாட்டேன், அவருக்குச் சர்க்கரை வியாதியும் இருந்தது. ஆனால் கடைசி ஐந்து வருடமும் பழைய வீடு இருந்த தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போய் வந்தார்.

கூட்டம் முடிந்த அடுத்த வாரம் சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். "அண்ணன் ரட்சிக்கப்பட்டுட்டாரு. ஆண்டவரே மன்னிச்சப்புறம் நாம மன்னிக்கலேன்னா எப்படிம்மா? கசப்பை வச்சுக்கிட்டு திருவிருந்து எடுக்கிறது நல்லதில்ல பாத்துக்கோங்க" என்றார். அம்மா காபி கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "ஆண்டவர் மன்னிச்சாரு, சரிய்யா. அதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாராய்யா?"

போதகர் சிரித்துச் சமாளித்தார். பிறகு ஜெபித்தார். அந்த ஜெபத்தில் இந்தக் குடும்பத்தின் கடின இருதயம் இளக வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் இருந்தது. வீட்டை விற்றவர்களின் இருதயம்தான் அன்றைக்குப் பிரச்சினையாகிப் போனது.

அம்மா அதன்பிறகு ஐந்து வருடம் திருவிருந்து எடுக்கவில்லை. எல்லாரும் எழுந்து பலிபீடத்துக்குப் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். பெரியப்பா தவறாமல் எடுத்தார்.

*

இந்தக் கட்டுரை கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிரானது அல்ல. நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவன். மன்னிப்பும் சமாதானமும் இந்த மரபு மனிதனுக்குக் கொடுத்த பெரிய கொடைகள் என்று நம்புகிறேன். நம்புவதால்தான் அவற்றைக் கள்ளநோட்டாக அச்சடித்து விநியோகிப்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது. தவறு செய்தவன் மேலே பார்த்து மன்னிப்பு வாங்கிக்கொள்கிறான். சபை கை தட்டுகிறது. பாதிக்கப்பட்டவளிடம் போய், "நீயும் கையெழுத்துப் போட்டுவிடு" என்கிறார்கள். பரிவர்த்தனை முடிந்தது. இதில் யாருக்குச் சமாதானம் கிடைத்தது? தவறு செய்தவனுக்கும், சங்கடம் தீர்ந்த சபைக்கும்.

இதற்கு வேதத்தைத்தான் சான்று காட்டுகிறார்கள். சரி, அதையே எடுத்துப் பார்ப்போம்.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை ஆராதனையில் சேர்ந்து சொல்லும்போது 'குற்றம்' என்போம். மத்தேயு எழுதியதில் அந்த இடத்தில் உள்ள சொல் 'கடன்'. கிரேக்கத்திலும் அப்படித்தான், பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அப்படித்தான். எனக்கு இது முக்கியமான தகவல். குற்றம் ஒருவனுடைய மனசாட்சிக்குள்ளேயே கிடக்கலாம். கடனுக்கு எதிர்ப்பக்கம் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் உண்டு, தொகை உண்டு. தொகை எவ்வளவு என்றே சொல்லாமல் ஒரு கடனைத் தள்ளுபடி செய்ய எந்த வங்கியாலும் முடியாது.

அடுத்து, போதகர் திருவிருந்தைப் பற்றி எச்சரித்தாரே, அது. அதன் வேர் மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வருகிற ஒருவனுக்கு அங்கே ஒன்று ஞாபகம் வருகிறது. அப்படியானால் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும். என்ன ஞாபகம் வருகிறது என்பதைக் கவனியுங்கள். தனக்குச் சகோதரன்மேல் குறை இருப்பது அல்ல, சகோதரனுக்குத் தன்மேல் குறை இருப்பது. அந்த வசனம் பலிபீடத்தில் நிறுத்திவைப்பது கடன் வாங்கியவனை. எங்கள் சபையில் பெஞ்சோடு நின்றுபோனது கடன் கொடுத்தவளின் குடும்பம். ஒரு வசனத்தை இவ்வளவு கச்சிதமாகத் தலைகீழாக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எழுபது தரம் ஏழு தரம் மன்னிக்கச் சொன்னது மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில். அதைப் பிரசங்கிப்பவர்கள் அதே அதிகாரத்தில் சில வசனங்களுக்கு முன்னால் உள்ள நடைமுறையைச் சொல்வதில்லை. தவறு செய்தவனிடம் தனியே போய் எடுத்துச் சொல். கேட்கவில்லையா, ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்கவில்லையா, சபைக்கு முன் வை. எங்கள் ஊரில் ஓரிருவர் வரத்தான் செய்தார்கள், அம்மாவிடம்.

சகேயு கதையை ஞாயிறு பள்ளியில் எல்லாரும் படித்திருப்போம். மரத்தில் ஏறிய குள்ளமான வரிவசூல்காரன். இயேசு வீட்டுக்கு வந்ததும் அவன், "எனக்குள் சமாதானம் வந்துவிட்டது" என்று சாட்சி சொல்லவில்லை. கணக்குப் போட்டான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னான். அந்த வீட்டுக்கு ரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்வது அதற்கு அப்புறம்தான்.

பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு கைதான இரவில், கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி, அவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவன். உயிர்த்தெழுந்தவர் அவனை மறுபடி ஏற்றுக்கொள்வதும் கடற்கரையில் ஒரு கரிநெருப்பருகேதான். யோவான் இரண்டு இடத்திலும் ஒரே கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார். அங்கே மூன்று முறை அதே கேள்வி. மூன்றாம் முறை பேதுரு துக்கப்படுகிறான். துக்கப்படும்வரை கேட்கிறார். அவனைத் தண்டிப்பது அல்ல நோக்கம். ஆனால் நடந்ததைத் தாண்டிக் குதித்துப் போகவும் விடவில்லை.

*

இதற்குப் பதில் சொல்பவர்கள் மூன்று விஷயங்களைக் காட்டுவார்கள். மூன்றும் வலுவானவை, மறைத்துவிட்டுப் போக மாட்டேன்.

முதலாவது, கெட்ட குமாரன். மகன் மன்னிப்புக் கேட்டு முடிக்கும் முன்பே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். உண்மை. ஆனால் அழிந்தது அந்தத் தகப்பனின் சொத்து, அவமானப்பட்டது அந்தத் தகப்பன். ஓடுவதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் யாரும் வந்து, "ஓடுங்க, ஓடிப்போய்க் கட்டிப்பிடிங்க" என்று அவன் முதுகைத் தள்ளவில்லை. வீட்டுக்குள் வராமல் கோபித்துக்கொண்டு நின்ற மூத்தவனிடமும் தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறான். மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு கடைசிவரை சொல்லவில்லை.

இரண்டாவது, சிலுவை. தன்னைக் கொல்கிறவர்களுக்காக மன்னிப்பு வேண்டியவர், யாரும் கேட்காமலே. ஆம். ஆனால் ஆணி இறங்கியது அவர் கையில். கீழே நின்ற யாரும் அவரிடம், "மன்னிச்சிடுங்க, மனசுக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

மூன்றாவது, மாற்கு 11. ஜெபிக்க நிற்கும்போது யார்மேலாவது குறை இருந்தால் மன்னிக்கச் சொல்கிறது. இதுவும் உண்மை. அம்மாவுக்கும் அந்த வசனம் தெரியும், கேட்கிற காது அவளுக்கு இருந்தது. அது ஜெபிக்கிறவளுக்கும் அவள் ஆண்டவருக்கும் நடுவே உள்ள பேச்சு. அதை எடுத்து இன்னொருவர் கையில் பிரம்பாகக் கொடுக்க யாருக்கும் அனுமதி இல்லை.

பிரம்பு என்று சொல்லும்போது கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் ஞாபகம் வருகிறார். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் கிரஹாமையும் இரண்டு சிறுவயது மகன்களையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. கொன்றவர்களை மன்னிப்பதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். நம் காலத்தில் இந்த மண்ணில் நடந்த பெரிய விஷயங்களில் ஒன்று அது. நம் பிரசங்கிகள் அதை என்ன செய்கிறார்கள்? "அந்த அம்மாவே மன்னிச்சாங்க, உன்னால ஏன் முடியலே?" குடிகாரக் கணவனிடம் அடி வாங்கிய பெண்ணிடம் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவர்கள் சொல்லாமல் விடுவது இதுதான். கிளாடிஸ் மன்னித்தார், வழக்கும் நடந்தது. மன்னிப்பது வேறு, குற்றத்துக்குச் சட்டப்படி வரும் விளைவு வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-ல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005-ல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. கிளாடிஸ் 2004 வரை இங்கேயே இருந்து பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். அவருடைய மன்னிப்பு பெரியதாக இருந்ததற்குக் காரணம், அது அவருடையது. வேறு யாரும் அதை அவரிடமிருந்து கறந்து எடுக்கவில்லை.

*

தனி மனிதரிடம் நடப்பது சமூகத்திலும் நடக்கும். நிறவெறி ஆட்சி முடிந்ததும் தென்னாப்பிரிக்கா 1995-ல் சட்டம் இயற்றி உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தை அமைத்தது. தலைவர் ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு. கிறிஸ்தவ மன்னிப்பு ஓர் அரச நடைமுறையாக மாறிய அபூர்வத் தருணம் என்று சொல்வார்கள். அங்கேயும் மன்னிப்பு சும்மா கிடைக்கவில்லை. செய்ததை முழுவதும் சொன்னால்தான் பொதுமன்னிப்பு. 7,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், 849 பேருக்குக் கிடைத்தது. போலீஸ் காவலில் 1977-ல் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிகோவின் குடும்பம், எங்கள் சார்பில் மன்னிக்க அரசுக்கு என்ன உரிமை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 1996-ல் தோற்றது. அந்தக் கேள்வி மட்டும் தோற்கவில்லை என்றே நினைக்கிறேன். என் அம்மா காபி டம்ளரோடு கேட்டதும் அதைத்தான்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தர ஆணையம் பரிந்துரைத்தது. 2003-ல் அரசு அறிவித்தது ஒரே தடவை 30,000 ராண்ட். உண்மையைச் சொல்ல வைத்தார்கள், கடனை அடைக்கவில்லை. டூட்டுவின் மன்னிப்பு தங்களுக்குச் சோறு போடவில்லை என்று அந்த நாட்டின் இளைஞர்கள் இன்று கோபப்படுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ரொம்ப தூரம் போக வேண்டாம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நல்லது. பாவ அறிக்கை வந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்கும் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. இதில் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. அதைப் பற்றி வாய் திறக்கும் தலித் கிறிஸ்தவரிடம் முதலில் சொல்லப்படுவது, "கசப்பு வேண்டாம் பிரதர், அன்பில் சகித்துக்கொள்வோம்." இப்படிப்பட்ட சுவர்களுக்கு இந்தப் பக்கம் பிறந்தவன் நான். எங்களை மன்னிக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை. சுவரை இடிக்கக் கை மட்டும் இருக்கிறது, அதையும் இதுவரை நான் ஒழுங்காகப் பயன்படுத்தியதில்லை.

ஹிட்லர் ஆட்சியின்போது 1937-ல் ஜெர்மனியில் தீத்ரிச் போன்ஹோஃபர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: மலிவான கிருபை. மனந்திரும்புதலைக் கேட்காத சபை, கொலைகார அரசோடும் நிம்மதியாக இருக்கும் என்று அவர் கண்ணால் கண்டார். 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

*

இதைப் படிக்கும் உங்களில் பலர் சபைப் பக்கம் போகாதவர்களாக இருப்பீர்கள். "பாஸ்டர்கள் அப்படித்தான்" என்று தப்பித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பார்க்கும் ரீல்ஸிலும் இதே சரக்குதான் ஓடுகிறது. "மன்னிப்பு அவனுக்காக இல்ல, உனக்காக. விட்டுடு. ஃப்ரீ ஆயிடு." பாதிக்கப்பட்டவளின் தூக்கம் முக்கியம்தான். ஆனால் இந்தப் பேச்சில் தவறு செய்தவன் காணாமலே போய்விடுகிறான். அவள் தன் மனநிலையைச் சரிசெய்துகொண்டால் போதும் என்றாகிறது. வீட்டுப் பத்திரம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

தமிழில் 'சமாதானம்' என்று ஒரு சொல் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு வேதத்தில் ஆண்டவர் தரும் அமைதிக்கு அதுதான் சொல். வீட்டில் அதே சொல்லுக்கு இன்னொரு வேலை. "சமாதானம் சொல்லாதே" என்றால் சாக்குச் சொல்லாதே என்று அர்த்தம். அழுகிற பிள்ளையைச் 'சமாதானப்படுத்துவோம்', அதாவது அழுகை நின்றால் போதும், காரணம் அப்புறம். வேதத்தின் சமாதானத்தைக் கேட்டு வருகிறவர்களுக்கு நாம் வீட்டுச் சமாதானத்தைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

உயிர்த்த அன்று மாலை இயேசு கதவடைத்திருந்த சீடர்களின் நடுவே வந்து அவர்களுக்குச் சமாதானம் கூறுகிறார். அடுத்த காரியமாகத் தன் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். அந்தச் சமாதானம் காயத்தை மறைக்கவில்லை. பாவங்களை மன்னிப்பது பற்றி அவர் பேசுவது அதே அறையில், காயங்களைக் காட்டிய பிறகு.

*

2021-ல், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்தபோது, ஒரு மத்தியானம் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். வொர்க் ஃப்ரம் ஹோம் என்பதால் நானும் இருந்தேன். கையில் மஞ்சப்பை. உட்காரவில்லை.

"ஏம்மா, மூணு லட்சத்து நாப்பதாயிரம். இதுல அறுபதாயிரம் இருக்கு. மிச்சத்தை உயிரோட இருந்தா தாரேன். தம்பிகிட்ட கேக்க வேண்டியதை இனிமே கேக்க முடியாது. உங்கிட்டயாவது கேக்கேன்."

தொகை அவருக்கு ஞாபகம் இருந்தது. பதினைந்து வருடமும் ஞாபகம் இருந்திருக்கிறது. மேடையில்தான் அது வரவில்லை.

அம்மா பையை வாங்கி, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். எனக்கே சங்கடமாக இருந்தது. எண்ணி முடித்து, "சரியா இருக்கு. சாப்பிட்டுப் போங்க அத்தான்" என்றாள். அன்றைக்கு மீன் குழம்பு. அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அவர் போனதும் கேட்டேன், "ஏம்மா, அவர் முன்னாலேயே எண்ணணுமா?"

"எண்ணாம வாங்கினா அவருக்கு நான் சலுகை காட்டுன மாதிரி ஆயிரும்லா. கடனைக் கொண்டு வந்திருக்காரு மனுசன், மதிக்கணும்."

"அப்போ மன்னிச்சிட்டியா?"

"அவரு கடனைச் சொன்னாரு, நான் வாங்கிக்கிட்டேன். அதுக்கு என்ன பேரோ நீயே வச்சுக்கோ."

அடுத்து வந்த திருவிருந்து ஆராதனையில் அம்மா எழுந்து பலிபீடத்துக்குப் போனாள். மிச்சம் 2,80,000 ரூபாய் இன்னும் வரவில்லை.

இத்தோடு முடித்தால் நான் நல்லவனாகவே தப்பிவிடுவேன். 2019-ல் சென்னை ஓஎம்ஆரில் ஓர் அலுவலகத்தில் டீம் லீடாக இருந்தேன். வேலையில் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண் எழுதிய ஸ்கிரிப்ட்டை, டெஸ்ட் செய்யாமலே சரி என்று ஒப்புதல் கொடுத்து, புரொடக்‌ஷனில் ஓட்டியது நான். நாலு மணி நேரம் கஸ்டமர் சிஸ்டம் படுத்துவிட்டது. மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் அவருக்கு ரேட்டிங் அடிவாங்கியது, சில மாதத்தில் வேலையை விட்டுப் போனார். மீட்டிங் நடந்த வாரத்து ஞாயிறு, பொதுப் பாவ அறிக்கையில் உருகிச் சேர்ந்துகொண்டேன். திருவிருந்து எடுத்தேன். நிஜமாகவே மனசு லேசானது. பெரியப்பாவின் சாட்சியைக் கேட்டு மூன்று வருடமாக ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்த நான், அவர் செய்ததையே செய்துவிட்டு வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டேன்.

மஞ்சப்பையைப் பார்த்த பிறகும் எனக்கு ஒரு வருடம் ஆனது. 2022-ல் அவர் நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று பழைய மேனேஜருக்கு எழுதிய மெயிலை அவருக்கும் அனுப்பியிருப்பதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இப்போ சொல்றீங்க" என்றார். அப்புறம், "சரி." அழைப்பு முடிந்துவிட்டது. மெயிலுக்குப் பதில் இல்லை.

அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. தெரியாமலேதான் ஒவ்வொரு முறையும் பலிபீடத்துக்குப் போகிறேன், 2019-ல் இருந்த அந்த லேசான மனசு இப்போது இல்லை. இதை அவருக்குத் தெரிந்த யாராவது படிக்க நேர்ந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். போய் அவரிடம் மன்னித்துவிடச் சொல்லாதீர்கள்.